துருவுக்கு அரிப்பு வந்த கதை

அந்தக் காலத்தில் இரும்பு பேசும், பூச்சி பேசும், மழைகூட வருவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வரும். அப்படிப் பேசியவற்றில் எல்லாம் இனிக்க இனிக்கப் பேசியது துருதான்.

ஓடக்கழி என்று ஓர் ஊர் இருந்தது. கிழக்கே கடல். கடலுக்கும் ஊருக்கும் நடுவே உப்பளம். மேற்கே வயல்காடு. ஊர் மட்டும் கிண்ணத்தின் அடியைப் போலத் தாழ்ந்து கிடந்தது. கடல் உள்ளே வராமல் இருக்க நீளமாக ஒரு கரை போட்டிருந்தார்கள். கரையின் கடைக்கோடியில் ஒரு மதகு. மேற்கே மழை பெய்தால் தண்ணீரெல்லாம் ஊரைத் தேடித்தான் வரும். கடல் வற்றுகிற நேரம் பார்த்து மதகைத் திறந்தால் தண்ணீர் ஓடிப்போய்விடும். கடல் ஏறத் தொடங்கும் முன்பு மூடிவிட வேண்டும். நேரம் தப்பிவிட்டால் அவ்வளவுதான், கடலே ஊருக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

மதகைத் திறந்து மூடுகிற வேலை காத்தாயியுடையது. நல்ல உயரம், நீண்ட கை, பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மதகடியில் குடிசை போட்டுத் தங்கலாம் என்றால் கடல்காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும், குடிக்க நல்ல தண்ணீரும் கிடையாது. அதனால் ஊரிலிருந்துதான் தினமும் போய்வந்தாள். நடந்து போவாள், நடந்து வருவாள்.

ஒரு வருஷம் ஐப்பசியில் மழை சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டது. காத்தாயி ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவள் மதகைத் தொடுவதற்குள் கடல் ஏறிவிட்டது; திறக்க வழியில்லை, வந்த வெள்ளமெல்லாம் ஊருக்குள்ளேயே தேங்கிவிட்டது. அந்த மழையில் ஓடக்கழியில் நனையாத அடுப்பு இல்லை. ஆடு மாடு போயிற்று, விதைநெல் போயிற்று. காத்தாயியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் ஊர் கூடியது. "அவ கால் என்ன பண்ணும்? தூரம் அப்படி" என்றார்கள். அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து பட்டணத்துக்குப் போய் ஒரு சைக்கிள் வாங்கி வந்தார்கள். அந்தப் பக்கத்துக்கே அதுதான் முதல் சைக்கிள். கறுகறுவென்று மின்னியது. ரிம்மில் முகம் பார்க்கலாம்.

காத்தாயி அதை உப்பளத்துக் காய்ந்த பாத்தியில் ஓட்டிப் பழகினாள். உப்புக் குவியலில் போய் மோதினாள், வாய்க்காலில் விழுந்தாள், முழங்காலெல்லாம் சிராய்ப்பு. உப்பளத்துப் பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அறுவடைக்குள் ஒற்றைக் கையில் ஓட்டினாள். மற்ற கையால் அதே பெண்களுக்குக் கைகாட்டிக்கொண்டே போனாள்.

சைக்கிளுக்கு அவள் வைத்த பெயர் கருப்பன். அது அவளை அக்கா என்று கூப்பிட்டது.

கோடை முழுக்கக் கருப்பனுக்கு ஒரு குறையும் இல்லை. முதல் மழை விழுந்தது. மறுநாள் காலை காத்தாயி கருப்பனைத் தள்ளப் போனபோது செயினில் செம்மண் தடவினாற்போல ஏதோ ஒட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். அது கண்ணைத் திறந்து பார்த்தது.

"வாங்க தாயீ, வாங்க. என் பேரு துரு" என்றது.

"என் சைக்கிள்ல உனக்கு என்ன வேலை?"

"வேலையா? சாப்பாடு தாயீ, சாப்பாடு. இந்த ஊர்ல நனையுற இரும்பெல்லாம் என் பங்கு. உங்க வீட்டு அரிவாள் எங்க போச்சு? கதவுக் கீல் எங்க போச்சு? ஆருடைய வயித்துக்குள்ள போச்சுன்னு நினைச்சீங்க? இந்தச் சைக்கிளும் அடுத்த மழைக்குள்ள என்னுதுதான். கோவிச்சுக்காதீங்க. ரொம்ப ருசியா இருக்கு."

ஓடக்கழியில் துருவை யாரும் எதிர்த்ததில்லை. அரிவாள் போனால் வேறு அரிவாள், கடப்பாரை போனால் வேறு கடப்பாரை என்று பழகிப்போயிருந்தார்கள். காத்தாயிக்கு மட்டும் போன வருஷத்து வெள்ளம் கண்ணுக்குள் நின்றது. பழைய சேலை ஒன்றைக் கிழித்து எடுத்து வந்தாள். செயினை அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடத்தில் தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். துரு வழுக்கி வழுக்கி விழுந்தது.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் சண்டைதான். மழையில் நனைந்து வந்தால் அவள் தலையைத் துவட்டுவதற்கு முன்னால் கருப்பனைத் துவட்டினாள். தூக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டி ஒட்டியிருந்த தண்ணீரை உதிர்த்தாள். ஈரத்தரையில் நிறுத்தாமல் வீட்டுக்குள்ளே பலகை மேல் ஏற்றி வைத்தாள். கடல் காற்றில் உப்புப் படிந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தாள். சீட்டுக்கு உரச்சாக்கில் உறை தைத்துப் போட்டாள்.

அவள் வீட்டுக்காரன் சிங்காரம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். "எனக்கு ஒரு நாள் தலை துவட்டி விட்டிருப்பியா நீ?" என்றான்.

"நீங்க துருப்பிடிச்சா அப்ப பாக்கலாம்" என்றாள் காத்தாயி.

செயினிலிருந்து துரு ஓடிற்று. பெடலிலிருந்து ஓடிற்று. ஹேண்டில்பாரிலிருந்தும் ஓடிற்று. கடைசியில் அது போய் ஒளிந்துகொண்ட இடம் சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பு. கம்பிகளெல்லாம் வந்து கூடுகிற அந்தக் குடத்தில் கையும் நுழையாது, துணியும் நுழையாது. காத்தாயி விரலை விட்டுப் பார்த்தாள், நகம் பெயர்ந்தது. குச்சியில் துணி சுற்றி விட்டுப் பார்த்தாள், குச்சி ஒடிந்தது.

உள்ளேயிருந்து துரு சிரித்தது. "தாயீ, உங்க கை எட்டாத இடம் எனக்குப் பட்டா போட்டுக் குடுத்த இடம். இங்கேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிட்டுக்கிறேன். அவசரமே இல்லை."

"அக்கா, நடுவுல என்னவோ கடிக்குது. சுத்த முடியலே" என்றது கருப்பன். ஓட்டும்போது கிறீச் கிறீச்சென்று முனகியது. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சிங்காரத்தின் முருங்கைத் தோட்டத்தில் கம்பளிப்பூச்சி இறங்கியது. ஓடக்கழியில் முருங்கைமேல் கம்பளிப்பூச்சி வந்தால் ஒரே மருந்து தீதான். நீளக் கழியின் நுனியில் பந்தம் கட்டி, மரத்தோடு மரமாகக் காட்டிக்கொண்டே போவார்கள். பூச்சிகள் பொசபொசவென்று எரிந்து விழும். சிங்காரம் விடிந்ததும் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு கிளம்பினான். காத்தாயி கையில் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் போனாள், கூரையில் பொறி பறந்தால் அணைக்க.

முதல் மரத்தடியில் நிற்கும்போது அவள் தோளில் தொப்பென்று ஒன்று விழுந்தது. தவிட்டு நிறம், உடம்பெல்லாம் மயிர், விரல் நீளம்.

"ஆத்தா, என் தலைமேல தீ வருது. என் கூட்டம் மொத்தமும் இந்தத் தோட்டத்துல இருக்கு. உன் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்" என்று அழுதது கம்பளிப்பூச்சி.

அதற்குள் காத்தாயியின் தோள் தடித்துவிட்டது. வறட்டு வறட்டென்று சொறிந்துகொண்டே கேட்டாள்: "உன்னை விட்டா எனக்கு என்ன ஆகும்? உடம்பு முழுக்க இப்படித் தடிப்புத்தானே ஆகும்?"

"பொய் சொல்லமாட்டேன். என்கிட்ட அரிப்பைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது" என்றது பூச்சி.

காத்தாயி சொறிவதை நிறுத்தினாள். "எதுக்குமே அரிக்குமா? மனுஷருக்கு மட்டும்தானா?"

"மாட்டுக்கு அரிக்கும். நாய்க்கு அரிக்கும். உசிரும் உடம்பும் இருக்கிற எதுக்கும் அரிக்கும்."

"துருவுக்கு?"

பூச்சி யோசித்தது. "அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனா அதுக்கும் உடம்பு இருக்கே."

சிங்காரம் பந்தத்தை உயர்த்திவிட்டான். முதல் கிளையில் தீ தொடப்போகிறது. காத்தாயி கையிலிருந்த குடத்தைத் தூக்கினாள். பந்தத்தின் மேல் அப்படியே கவிழ்த்தாள். தீ உஸ்ஸென்று அணைந்தது. சிங்காரம் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றான்.

"ஏ புள்ள! உனக்குப் பைத்தியமா? முருங்கை போனா சோத்துக்கு என்ன பண்றது?"

"மதகு திறக்கலைன்னா முருங்கையும் போகும், சோத்துப்பானையும் போகும், நாமும் போவோம். ஒரே ஒரு மரத்தை இதுங்களுக்கு விடுங்க. மத்த மரத்துலேருந்து இறங்கி இதுங்களே இங்க வந்துடும். சொல்லு" என்று பூச்சியைப் பார்த்தாள்.

"வந்துடுவோம். சத்தியமா வந்துடுவோம்" என்றது பூச்சி. அது குரல் கொடுத்ததும் மரம் மரமாகக் கூட்டம் இறங்கி, வரிசை கட்டி ஊர்ந்து ஒரே மரத்துக்கு வந்து சேர்ந்தது. சிங்காரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். மற்ற மரங்களில் ஓர் இலைகூடக் குறையவில்லை. அவனால் மேற்கொண்டு கோபப்பட முடியவில்லை.

காத்தாயி பூச்சியை ஓர் இலையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பலகை மேல் நின்ற கருப்பனின் முன்சக்கரத்தில், கம்பிகளுக்கு நடுவே அதை விட்டாள். கை நுழையாத சந்தில் அது நுழைந்து போயிற்று. ஹப்பைச் சுற்றித் தலையையும் வாலையும் சேர்த்துத் தளர்வாக ஒரு வளையம் போட்டுக்கொண்டது. பின்சக்கரத்துக்கு அதன் தங்கை வந்தது.

உள்ளேயிருந்த துரு அசட்டையாகப் பார்த்தது. "இது யாரு? விருந்தாளியா? இருந்துட்டுப் போகட்டும், எனக்கு இடம் இருக்கு" என்றது. பூச்சிகளும் வண்டி நின்றுகொண்டிருக்கும் வரை துருவின்மேல் படாமல் சும்மாதான் இருந்தன.

அன்று மத்தியானமே வானம் இருண்டது. மேற்கிலிருந்து மழை பேசிய பேச்சு ஊர் முழுக்கக் கேட்டது: "இந்தத் தடவை நான் நின்று பெய்யப்போகிறேன்." சொல்லி வாய்மூடவில்லை, கொட்டத் தொடங்கிவிட்டது. வயல்காடு வெள்ளக்காடாயிற்று. வாய்க்கால் கரைபுரண்டது. தெருவில் கணுக்காலுக்குத் தண்ணீர் வந்தது. வீட்டுக்கு வீடு பிள்ளைகளைத் தூக்கிப் பரணில் ஏற்றினார்கள். கடல் அப்போதுதான் வற்றிக் கிடந்தது. அது திரும்பி ஏறுவதற்குள் மதகைத் திறந்தாக வேண்டும்.

காத்தாயி சேலையை இழுத்துச் செருகினாள். "கருப்பா, போவமா?"

"போவம் அக்கா" என்றது கருப்பன்.

கரைமேல் காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் கடல் வந்துபோகும் கழி. சேறு சக்கரத்தைப் பிடித்து இழுத்தது. பாதிக் கரை தாண்டியிருக்கும். சக்கரம் கிறீச்சென்று கத்தியது. பெடல் கல்லாகக் கனத்தது. நனைந்த இரும்பைக் கண்டதும் துரு ஹப்புக்குள் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தாயீ, இன்னிக்குத்தான் எனக்கு விருந்து. நீங்க இறங்கி நடங்க" என்றது.

நடந்தால் என்ன ஆகும் என்று காத்தாயிக்குத் தெரியும். அவள் சீட்டிலிருந்து எழுந்து நின்று, உடம்பின் பாரம் முழுவதையும் பெடலில் இறக்கினாள். சக்கரம் ஓர் அரைச்சுற்று நகர்ந்தது. அந்த அரைச்சுற்றில் கம்பளிப்பூச்சி உருண்டது. அதன் மயிர் ஹப்பைத் தடவிக்கொண்டு போயிற்று.

துருவின் முதுகில் சுருக்கென்றது.

"என்னது இது?" என்று ஒரு கையை எடுத்து முதுகைச் சொறிந்தது. ஒரு கை விட்டதும் சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. பூச்சி இன்னொரு தரம் உருண்டது. துருவுக்கு இடுப்பில் அரித்தது, கழுத்தில் அரித்தது, காதுமடலில் அரித்தது. மற்ற கையையும் எடுத்துவிட்டது. அவ்வளவுதான்! சக்கரம் விர்ரென்று பறந்தது. சக்கரம் சுற்றச் சுற்றப் பூச்சி உருண்டது, பூச்சி உருள உருளத் துரு சொறிந்தது, சொறியச் சொறிய அதன் தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. கரை நெடுகச் செந்தூள் சிந்திக்கொண்டே போயிற்று.

"அய்யோ தாயீ! நிறுத்துங்க! இறங்கிக்கிறேன்!"

"ஓடுற வண்டியிலேருந்து குதி!" என்று கத்தினாள் காத்தாயி. காற்றையும் மீறி அவள் சிரிப்பு கேட்டது.

துரு குதித்தது. ஆனால் அது போன இடம் மோசமான இடம். காத்தாயி மதகடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடிப்போய், மதகுப் பலகையைத் தூக்கும் திருகின் கைப்பிடியைப் பிடித்தால், திருகு அசையவில்லை. அவளுக்கு முந்தி ஓடிவந்த துரு திருகின் மரைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் சொறிந்து புண்ணாகியும் வீம்பு போகவில்லை.

"சைக்கிள் உங்களுக்கு, மதகு எனக்கு. சரிபாதி" என்றது.

காத்தாயி தொங்கிப் பார்த்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். தூரத்தில் கடல் முனகிக்கொண்டு திரும்புகிற சத்தம் கேட்டது. அவள் கருப்பனிடம் திரும்பினாள். முன்சக்கரத்துப் பூச்சியின் மயிரில் பாதி உதிர்ந்திருந்தது. அதைக் கேட்கவே அவளுக்கு வாய் வரவில்லை.

பூச்சியே சொன்னது: "என்ன ஆத்தா பாத்துக்கிட்டு நிக்கிறே? எடுத்து அங்க வை. இன்னும் பாதி இருக்குல்ல?"

அவள் அதை உள்ளங்கையில் எடுத்தாள். கை நெருப்பாக எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகருகே கொண்டுபோய் நீட்டினாள். துரு அந்த மயிரைப் பார்த்தது. இன்னும் தொடவில்லை, அதற்குள் உடம்பெல்லாம் துள்ளியது.

"வேண்டாம்! வேண்டாம் தாயீ! கிட்டக் கொண்டுவராதீங்க! என்ன சொன்னாலும் கேக்குறேன்!"

"முதல்ல இறங்கு. அப்புறம் பேசலாம்."

துரு இறங்கிச் சேற்றில் விழுந்தது. காத்தாயி கைப்பிடியைச் சுற்றினாள். திருகு வழுக்கிக்கொண்டு ஏறியது. மதகுப் பலகை மேலே எழும்பியது. அடைபட்டுக் கிடந்த வெள்ளம் பெரிய சத்தத்தோடு கடலைப் பார்த்துப் பாய்ந்தது. கரை அதிர்ந்தது. வேலிப்படல், வைக்கோல், விறால் மீன், யார் வீட்டுக் கூடையோ ஒன்று, எல்லாம் நுரையோடு நுரையாகப் போயின. ஓடக்கழியில் கணுக்காலுக்கு நின்ற தண்ணீர் விரலளவாகி, ஈரமாகி, வெறும் தெருவாயிற்று. பரணிலிருந்த பிள்ளைகள் கீழே குதித்தன.

காத்தாயி மதகின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கடல் ஏறத் தொடங்கியதும் பலகையை இறக்கிப் பூட்டினாள். அப்புறம்தான் சேற்றில் கிடந்த துருவைப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லு. உன் வழி என்ன, என் வழி என்ன?"

துரு சொறிந்துகொண்டே சொன்னது: "துடைச்சுக் காயவச்ச இரும்புக்கு வரமாட்டேன். எண்ணெய் போட்ட இரும்பை ஏறெடுத்துப் பார்க்கமாட்டேன். இந்தக் கம்பளிக்காரன் இருக்கிற சக்கரத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்."

"வாக்கு மாறமாட்டியே?"

"மாறமாட்டேன். ஆனா எனக்கும் வயிறு இருக்கு தாயீ. நனைச்சுட்டு வந்து அப்படியே போட்டுட்டு மறந்துடுறவங்க வீட்டுல எனக்கு இலை போடணும்."

காத்தாயி யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டது. "சரி, மறக்கிறவங்க பாடு உன்பாடு" என்றாள்.

மழை விட்டதும் சிங்காரமும் உப்பளத்துப் பெண்களும் ஊரும் கரைமேல் ஓடிவந்தார்கள். அவளைத் தூக்கப்போனார்கள். "என்னை விடுங்க, அவன்தான் களைச்சிருக்கான்" என்று கருப்பனைக் காட்டினாள். பெண்கள் சைக்கிளைத் தோள்மேல் தூக்கிக்கொண்டார்கள். குலவைச் சத்தம் கடல்வரை போயிற்று. ஊருக்குள் வந்ததும் சிங்காரம் தன் தோள் துண்டை எடுத்துக் கருப்பனைக் கம்பி கம்பியாகத் துடைத்தான். அப்புறம் அதே துண்டால் காத்தாயியின் தலையைத் துவட்டினான். காத்தாயி அவன் கைக்கு எட்டும்படி குனிந்து நின்றாள்.

கொஞ்ச நாளில் கம்பளிப்பூச்சிக்கு உடம்பு மாறத் தொடங்கியது. "ஆத்தா, நான் கூடு கட்டணும். எனக்குச் சிறகு வரப்போகுது" என்றது.

"நீ போயிட்டா துரு திரும்பி வருமே?"

"அதுக்குக் கண்ணு மங்கல். உருண்டையா, மயிரா, சக்கரத்தைச் சுத்தி ஒண்ணு தெரிஞ்சா போதும், நான்தான்னு நினைச்சு ஓடிடும்."

காத்தாயி சேலை முந்தியிலிருந்து நூலைப் பிரித்தாள். மயிர்மயிராக நிற்கும்படி கயிற்றில் செருகிப் பூச்சியைப் போலவே ஒரு வளையம் திரித்து ஹப்பில் மாட்டினாள். சக்கரம் சுற்றினால் அதுவும் உருண்டு உருண்டு தூசியையும் ஈரத்தையும் துடைத்துக்கொண்டே வந்தது. உப்பளத்துப் பெண்களுக்கு ஒரு நிறம் போதவில்லை. ஒருத்தி மஞ்சள் நூல் கொண்டுவந்தாள், ஒருத்தி ஊதா, ஒருத்தி நல்ல ரோஸ். துரு தூர நின்று எட்டிப் பார்த்தது. பூச்சியின் சொந்தபந்தமெல்லாம் திரண்டு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு முதுகைச் சொறிந்தபடி ஓடியது.

அன்று முதல்தான் சைக்கிள் சக்கரத்தின் நடுவே வண்ணவண்ணக் குஞ்சம் மாட்டுகிறார்கள். அன்று முதல்தான் மழையில் வந்தவர்கள் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறார்கள். மறந்து போனவர்கள் வீட்டுச் சைக்கிளில் மட்டும் துரு உட்கார்ந்து சாப்பிடுகிறது, சாப்பிட்டுக்கொண்டே இன்றைக்கும் சொறிந்து சொறிந்து உதிர்கிறது.